பூனையடி மாஸ்டர்

மாஸ்டர் யாருடைய முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை. அவர் பார்வை எப்போதும் எதிரே நிற்கிறவனின் முழங்காலுக்குக் கீழேதான் மேயும். வேட்டியை மடித்துக் கட்டியவன் என்றால் அவருக்கு வசதி. புதிதாக வருகிறவர்கள், தரையில் ஏதோ விழுந்து கிடக்கிறது போல என்று தாங்களும் குனிந்து தேடுவார்கள். பெல்பாட்டம் வந்த வருசங்களில் மனுசன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

"ஊர்ல ஒருத்தன் காலும் கண்ணுல பட மாட்டேங்கு. பாவாடையக் கட்டிக்கிட்டுல்லா அலையுதானுவ" என்று என்னிடம் புலம்பினார். அன்றைக்கு நானும் பெல்பாட்டம்தான் போட்டிருந்தேன்.

"முகத்தப் பாத்தா என்ன அண்ணாச்சி குறைஞ்சு போச்சு?" என்று கேட்டேன்.

"முகத்துல என்னடே இருக்கு? கல்யாண வீட்டுக்குள்ள நுழையும்போதே எல்லாவனும் மூஞ்சியில சிரிப்ப மாட்டிக்கிட்டுத்தான் வாரான். காலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பிடிச்சா ஆடும், பிடிக்கலன்னா நிக்கும்."

கோவில்பட்டியில் அவர் ஒரு பேண்டு செட் நடத்திவந்தார். கல்யாணம், கோவில் கொடை, கட்சி ஊர்வலம் எல்லாவற்றுக்கும் போவார்கள். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். அதை ரேஷன் கடைக்காரர் மட்டும் அறிவார். ஊருக்கு அவர் மாஸ்டர். எனக்கு மாஸ்டர் அண்ணாச்சி. நான் நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்து அவருக்கு அடுத்த வீட்டில் அப்பா அம்மாவோடு குடியிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் முற்றம் ஒன்று. கரண்ட் போன நேரத்தில் யாராவது முற்றத்துக்குள் வந்தால் உள்ளே இருந்தபடியே, "பால்காரரா? வாரும். வலது செருப்பு வார் இத்துப்போச்சு போலுக்கே" என்று குரல் கொடுப்பார். வந்தது பால்காரராகத்தான் இருக்கும். வாரும் இற்றுத்தான் போயிருக்கும்.

பேண்டு செட்டுக்கு அழகான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. ஒருத்தரும் அதைச் சொன்னதில்லை. பெரிய டிரம்மின் முகத்தில் சிங்கம் வரையச் சொல்லி ஒரு பெயிண்டரிடம் கொடுத்தார் மாஸ்டர். அந்த ஆள் அதுவரை சிங்கத்தைப் பார்த்ததில்லை. வீட்டில் ஒரு பூனை வளர்த்தார். எவ்வளவு பிடரி மயிர் வைத்தும் அது பூனையாகவே வந்து நின்றது. அன்றிலிருந்து ஊருக்கு அது பூனை பேண்டு. அதை அடிக்கிற பெரிய டிரம்காரர் அழித்துவிடலாம் என்று ஒற்றைக்காலில் நின்றார். மாஸ்டர்தான் விடவில்லை.

"சிங்கத்தப் பாத்தா சனம் ஓடும். பூனைன்னா பக்கத்துல வரும். இருந்துட்டுப் போட்டும்லே."

அவர் வாசித்தது கிளாரினெட். ஊர்வலத்தில் எல்லா மாஸ்டர்களும் முன்னே பார்த்து நடப்பார்கள். இவர் பின்பக்கமாகவே நடப்பார். பேண்டுக்காரர்களையும் அவர்களுக்குப் பின்னால் வருகிற கூட்டத்தையும் பார்த்தபடி, பாதை தெரியாமல், குதிகாலால் தடவித் தடவி மண்டபம் வரைக்கும் போய்ச் சேருவார். கால்களைப் பார்க்காமல் அவருக்கு வாசிக்க வராது. பள்ளம் மேடு வந்தால் டிரம்மர் சுப்பையா, "மாஸ்டர், சாக்கடை" என்று சொல்லுவான். அவர் ஒரு தாண்டு தாண்டுவார். தாண்டும்போதும் சுருதி பிசகாது.

ஒருநாள் மார்க்கெட் ரோட்டில் சுப்பையா சொல்ல மறந்துவிட்டான். பருத்தி ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று ஓரமாக நின்றது. மாஸ்டர் பின்னாலேயே போய் அதன் மேல் மல்லாக்கச் சாய்ந்துவிட்டார். கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்கவில்லை. சத்தத்தில் மிரண்ட மாடுகள் நடக்கத் தொடங்கின. மாஸ்டர் பருத்தியில் படுத்து வாசித்துக்கொண்டே வண்டியில் போனார். வண்டிக்குப் பின்னால் பேண்டு, பேண்டுக்குப் பின்னால் சனம், சனத்துக்குப் பின்னால் மாப்பிள்ளை கார் என்று மொத்தக் கல்யாணமும் பஞ்சுப்பேட்டை வாசல் வரைக்கும் போய் நின்றது. பெண்ணைப் பெற்றவர் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்கிறார். மாஸ்டர் மீசையில் பஞ்சோடு இறங்கி வந்து, "இவ்வளவு தூரத்துல ஒரு கால் நின்னுச்சா, சொல்லுங்க பாப்போம்" என்று அவரையே கேட்டார்.

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவர் முதலில் ஒரு காலைத் தேடுவார். கூட்டத்திலேயே அசையாத கால். அதற்குக் கல்லுக்கால் என்று பெயர் வைத்திருந்தார். அப்படி ஒருத்தர் கையைக் கட்டிக்கொண்டு தூணோரம் நிற்பார். அவர் எதிரில் போய் நின்றபிறகுதான் மாஸ்டரின் வாசிப்பே சூடு பிடிக்கும். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் இருந்தார். சிரித்தால் எங்கே பத்திக்கொள்ளுமோ என்று பயந்தவர் போல முகத்தை வைத்திருப்பார். அவர் மகன் கல்யாணத்தில் நாற்காலியில் அடித்துவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் அவர் முன்னால் நின்று வாசித்தார், வாசித்தார், வேர்த்து வடிய வாசித்தார். கடைசியில் செருப்புக்குள் முதலாளியின் பெருவிரல் மட்டும் மெதுவாக ஒரு தரம் எழுந்து படுத்தது. இன்னொரு தரம் எழுந்தது. மாஸ்டர் உடனே வாசிப்பை நிறுத்தி, கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காப்பி குடிக்கப் போய்விட்டார். அதற்கு மேல் அவருக்கு அந்தக் கல்யாணத்தில் வேலை இல்லை.

அந்தப் பெருவிரலை எழுப்பியது பூனையடி.

பூனை பேண்டு அடித்ததால் சனங்கள் அப்படிச் சொன்னார்கள். மற்ற பேண்டுகள் எல்லாம் ஒன்று, இரண்டு என்று நேராக அடித்துக்கொண்டு போகும்போது இவர்கள் திடீரென்று அந்தத் தாளத்துக்கு மாறுவார்கள். எழுத்தில் எப்படிச் சொல்ல? ஓர் அடி முழுப் பாரத்தோடு இறங்கும். அடுத்தது இறங்குவதற்குள் ஒரு சின்ன எழும்பல். பிறகு ஒரு தயக்கம். விழப்போகிறதோ என்று நாம் நினைக்கிற நேரத்தில் சரியாக வந்து ஊன்றும். அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது சங்கதி. கேட்கிறவன் இடுப்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். வெள்ளைத் துண்டும் முறுக்கு மீசையுமாகக் கரிசக்காட்டில் உழுதுவிட்டு வந்த சம்சாரிகள், வாழ்நாளில் ஆடாதவர்கள், தாங்கள் ஆடுகிறோம் என்று தெரியாமலே ஆடுவார்கள். எங்கள் மில் மேனேஜர் ஒருமுறை கையில் பாயசத்தோடு ஆடினார். "மாஸ்டர், பூனையடி! பூனையடி!" என்று கூட்டம் கத்தாத கல்யாணமே கிடையாது.

இந்த அடி எங்கிருந்து வந்தது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பட்டாளத்தில் கற்றது என்றார்கள் சிலர். தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல்காரன் ஒருத்தன் சொல்லிக்கொடுத்தான் என்றார்கள். மாஸ்டரைக் கேட்டால், "வீட்டுல கிடந்துச்சு" என்பார்.

ஒரு சாயங்காலம் ரேடியோ ரிப்பேர் கடையில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் ஒரு பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டு முள்ளைத் திருப்பினார். கரகரப்புக்கு நடுவே ஏதோ ஒரு தூர தேசத்துச் சங்கீதம் வந்தது. குழல்கள், கிலுகிலுப்பை, அடியில் ஒரு தாளம். மாஸ்டர் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். ஓர் அடி இறங்கி, ஒரு எழும்பல், ஒரு தயக்கம். பூனையடிதான். கொஞ்சம் வேகம் கூடுதல், அவ்வளவுதான்.

"எந்த ஊரு அண்ணாச்சி இது?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"கியூபான்னு சொல்லுதான். கரும்பு விளையுத நாடு. அங்கன உள்ள டான்ஸு பேண்டு போல" என்றார் கடைக்காரர்.

மாஸ்டர் பாட்டு முடிகிற வரைக்கும் நின்றார். பிறகு என் தோளைத் தட்டி, "அந்த ஊர்லயும் ஒரு மகராசி தண்ணி சுமந்திருக்கா, பாத்தியா" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சால்டரிங் புகை பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மதினியைப் பற்றிச் சொல்லவேண்டும். மாஸ்டரின் சம்சாரத்தை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பியிருந்தது. சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள். வாய் மட்டும் ரொம்ப நேர். பேண்டுக்கு ஆள் பேசி முன்பணம் வாங்கிப் போடுவது அவள்தான். சிவப்புக் கோட்டுகளுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணுவதும், தோளில் பிய்ந்த மஞ்சள் குஞ்சத்தைத் தைப்பதும், சாராய வாடையோடு வருகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்புவதும் அவள்தான். ஆனால் பூனை பேண்டு வாசித்த ஒரு கல்யாணத்துக்கும் அவள் போனதில்லை. மாஸ்டர் ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவார். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஏதாவது வேலை இருக்கும்.

ஒருநாள் அம்மா கேட்டபோது சொன்னாள். "குமரா இருக்கையில தேர் பாக்கப் போனேன் அத்த. பின்னால நாலு பயலுவ என்ன மாதிரியே சாஞ்சு சாஞ்சு நடந்து காட்டுனானுவ. தெருவே சிரிச்சுது. அன்னைக்கு முடிவு பண்ணுனேன். கூட்டத்துக்கு முன்னால நடக்கதில்லன்னு."

அம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

எனக்குக் கயத்தாற்றில் பெண் பார்த்தார்கள். பார்த்துவிட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த என்னை முற்றத்தில் வைத்து மாஸ்டர் மேலும் கீழுமாக, அதாவது கீழே மட்டும், பார்த்தார். "பொண்ணு பிடிச்சுப்போச்சு போலுக்கு. பெருவிரல்லயே நடக்கியே" என்றார். மதினி உள்ளேயிருந்து கெக்கெக்கென்று சிரித்தாள்.

என் மாமனார் நூறு வார்த்தை பேசவேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுகிற சம்சாரி. பருத்தியும் உளுந்தும் போடுகிறவர். நிச்சயத்தன்று வெற்றிலையை மென்றுகொண்டு அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஒங்க ஊர்ல பூனையடின்னு ஒரு கொட்டு உண்டாமே. அது வருமா?"

"மாஸ்டர் நமக்கு அடுத்த வீடுல்லா!" என்று அப்பா நெஞ்சை நிமிர்த்தினார்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் அம்மன் கோவில் கொடைத் திருவிழா வந்தது. மதினிக்கு அந்தக் கோவில் வேப்பமரத்து அடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதாக நேர்ச்சை. வருசா வருசம் கூட்டமில்லாத உச்சி வேளையாகப் பார்த்து, பின்பக்கச் சந்து வழியாகப் போய் ஊற்றிவிட்டு வந்துவிடுவாள். அந்த வருசம் சந்து வழியை அடைத்து ராட்டினம் போட்டுவிட்டார்கள். முன்வாசல் வழியாகத்தான் வரவேண்டியிருந்தது.

பந்தலில் பூனை பேண்டு சாப்பிட்டுவிட்டு ஓய்வாக உட்கார்ந்திருந்தது. சுப்பையா அரைத் தூக்கத்தில், மடியில் டிரம், கையில் குச்சி. நாலைந்து இளவட்டங்கள் அங்கே இங்கே சாய்ந்துகிடந்தார்கள். மாஸ்டர் கைகழுவிக்கொண்டிருந்தார். மில்லுக்கு லீவு என்பதால் நானும் அங்கேதான் இருந்தேன். மதினி இடுப்பில் குடத்தோடு முக்குத் திரும்பி வந்தாள்.

சுப்பையாவின் கை தானாக எழுந்து அடித்தது.

அவள் பாரமாக ஒரு கால் வைத்தாள், டிரம் இறங்கியது. இடுப்பு எழும்பியது, டிரம் எழும்பியது. தயங்கி ஊன்றினாள், தயங்கி விழுந்தது அடி. பக்கத்தில் பெரிய டிரம்காரரும் சேர்ந்துகொண்டார். படுத்துக்கிடந்த இளவட்டங்கள் பூனையடியைக் கேட்டதும் துள்ளி எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். மதினி நின்றாள். டிரம் நின்றது. அவள் மறுபடியும் ஓர் அடி எடுத்துவைத்துப் பார்த்தாள். மறுபடியும் அடித்தது.

"லேய்! நிறுத்துங்கலே!" என்று மாஸ்டர் ஈரக்கையோடு ஓடிவந்தார்.

சுப்பையாவைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்கள் பயிற்சி காலையில் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்குத்தான் நடக்கும். "என் கையப் பாக்காதீங்க, அங்கன பாருங்க" என்று மாஸ்டர் மோவாயை நீட்டிக் காட்டுவார். எல்லாரும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் தொடையில் தட்டிக்கொள்வார்கள். மதினி குடத்தோடு முற்றத்தைக் கடந்து வீட்டுக்குள் போவாள். அவள் போனபிறகுதான் டிரம்மைத் தொடுவார்கள். குடமும் மதினியும் கண்ணில் பட்டால் அந்தக் கைகள் வேறு என்ன செய்யும்?

மதினி குடத்தைக் கீழே வைத்தாள். அவள் முகம் கறுத்துப்போயிருந்தது.

"ஓகோ. இத்தன வருசமா என் நொண்டிக் காலையா ஊர் ஊராக் கொண்டுபோய்க் காட்டி வித்துட்டு வாரீரு?"

"ஏட்டி, அப்படி இல்லட்டி. நான் சொல்லுதத ஒரு நிமிசம்…"

"அன்னைக்கு நாலு பயலுவதான் நடந்து காட்டுனானுவ. நீரு ஜில்லா பூரா நடக்க வச்சிருக்கீரு." குடத்துத் தண்ணீரை அங்கேயே கவிழ்த்துவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பி நடந்தாள். சுப்பையா இரண்டு குச்சிகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றது. கோட்டுக்குக் கஞ்சி போட்டாள், சோறு வைத்தாள், வாயைத் திறக்கவில்லை. மதினி பேசாத முற்றம் எங்களுக்கே பிடிக்கவில்லை. மாஸ்டர் பூனையடியை அடியோடு நிறுத்திவிட்டார். "அவ வாயால சரின்னு சொல்லாம அதத் தொட மாட்டேன்" என்று பேண்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டார். கல்யாணங்களில் லெப்ட் ரைட் போட்டார்கள். சனம் கத்தியது, கெஞ்சியது, ஒருத்தர் துண்டை விரித்துக் காலிலேயே விழுந்தார். மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டு லெப்ட் ரைட்டே வாசித்தார். பஜாரில் வேறொரு பேண்டு பூனையடியை நாங்கள் அடிக்கிறோம் என்று கிளம்பியது. அதற்கு ஆடப்போனவர்கள் ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துச் சண்டையில் முடிந்தது.

ஒருநாள் மாஸ்டரிடமே கேட்டுவிட்டேன். "மதினிகிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?"

அவர் என் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கல்யாணம் ஆகி வந்த மறுநாள் காலையில படுத்துக்கிடக்கேன். முத்தத்துல அவ தண்ணி எடுத்துட்டு வார சத்தம் கேக்கு. ஊர்ல எல்லாவன் காலும் ஒண்ணு ரெண்டுன்னு வாய்ப்பாடு படிக்குதுடே. இவ காலு பாடிக்கிட்டு வந்துச்சு. எந்திரிச்சு கிளாரினெட்ட எடுத்தேன். அவகிட்ட எப்படிச் சொல்ல? ஒன் காலு அழகா இருக்குன்னா கேலி பண்ணுதேன்னு நினைப்பா. பயந்துக்கிட்டே இருந்தேன், வருசம் ஓடிப்போச்சு."

இதை அப்படியே மதினியிடம் போய்ச் சொன்னேன். உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. உளுந்தைப் பார்த்துக்கொண்டே, "ஆடுனாவல்லா, அவிய சிரிச்சாவளா?" என்று கேட்டாள்.

"சிரிச்சாவ மதினி. சந்தோசத்துல சிரிச்சாவ. யாருக்கும் இது ஒங்க நடைன்னு தெரியாது. எனக்கே தெரியாதுல்லா. எங்க மேனேஜர் பாயசத்தோட ஆடுனாரு."

"நீ சொல்லுத. எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒருநாளும் பாத்ததில்லையே" என்றாள். சுளகை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோவிலிலிருந்து புறப்பட்டு எங்கள் தெரு வழியாக மண்டபத்துக்குப் போகவேண்டும். திறந்த காரில் கழுத்து கொள்ளாத மாலையோடு உட்கார்ந்திருந்தேன். காருக்கு முன்னால் கயத்தாற்றுக்காரர்கள். அவர்களுக்கு முன்னால் பூனை பேண்டு. எல்லாருக்கும் முன்னால், எங்களைப் பார்த்துக்கொண்டு பின்பக்கமாக நடக்கிற மாஸ்டர். லெப்ட் ரைட், லெப்ட் ரைட். என் மாமனார் கையைக் கட்டிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நடந்துவந்தார்.

"என்ன மாப்ள, பூனையடின்னாவ. இது போலீஸ் பரேடு கணக்கால்லா இருக்கு" என்றார். அவர் என்னிடம் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அது. மாஸ்டரின் கண் என் மாமனாரின் கால்மேலேயே நின்றது. அசல் கல்லுக்கால். வாழ்நாள் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒன்று கிடைக்காது. அதைப் பார்த்துக்கொண்டு லெப்ட் ரைட் வாசிக்க மனுசனுக்கு எப்படி இருந்திருக்கும்!

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை கார் தெருவுக்குள் நுழையும்போது ஒரு சுமங்கலி நிறைகுடத்தோடு எதிரே வரவேண்டும். தற்செயலாக வருகிற மாதிரி வரவேண்டும். ஏற்பாடெல்லாம் முதல் நாளே முடிந்திருக்கும். அம்மா என் அத்தையிடம் சொல்லிவைத்திருந்தாள். கார் முக்குத் திரும்பியது. அத்தை குடமில்லாமல் ஓரமாக நின்றுகொண்டு கையைப் பிசைந்தாள். தெரு நடுவில், பட்டுச்சேலை கட்டி, இடுப்பில் நிறைகுடத்தோடு மதினி வந்துகொண்டிருந்தாள்.

பேண்டுக்காரர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சுப்பையா பதறிப்போய் இரண்டு குச்சிகளையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டான். பெரிய டிரம் நின்றது. குழல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தெரு முழுவதும் கப்பென்று அடங்கியது. மாஸ்டருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அவர் முதுகுதானே அந்தப் பக்கம்? 'என்னலே?' என்கிற மாதிரி சுப்பையாவை முறைத்தார்.

அந்த அமைதியில் பின்னால் அவள் நடந்துவருகிற சத்தம் கேட்டது. பாரமாக ஒன்று, ஒரு எழும்பல், ஒரு தயக்கம், ஊன்றல். குடத்துத் தண்ணீர் கூடவே சளக் சளக்கென்றது.

மாஸ்டர் திரும்பவில்லை. மாட்டு வண்டியில் விழுந்தபோதும் எடுக்காத கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார். மதினி அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். சுப்பையாவைப் பார்த்துச் சொன்னாள்: "கைய ஏம்லே தூக்கிட்டு நிக்க? நான் நடக்கேன்லா. அடி."

சொல்லிவிட்டுத் திரும்பி, மண்டபத்தைப் பார்க்க நடந்தாள். சுப்பையா அடித்தான். மாஸ்டர் அன்றைக்குத்தான் ஊர்வலத்தில் முதல்தடவையாகத் திரும்பி, முன்னே பார்த்து நடந்தார். அவர் அவ்வளவு நாள் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் அந்தக் கிளாரினெட் வழியாக வந்தது. தெரு பிடித்துக்கொண்டது. கயத்தாற்றுக்காரர்கள் துண்டைச் சுழற்றினார்கள். அத்தை ஆடினாள். அப்பா ஆடினார். நான் காரில் உட்கார்ந்தபடி மாலையோடு ஆடினேன். பக்கத்தில் பார்த்தேன். என் மாமனாரின் கட்டிய கை கட்டியபடியேதான் இருந்தது. கீழே கால்கள் இரண்டும் தனியாக ஆடிக்கொண்டு வந்தன.

பாதித் தெருவில் மதினி திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அத்தனை பேரும் சாய்ந்து, எழும்பி, தயங்கி, ஊன்றி அவளைப்போலவே வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூட அவள் இடுப்பைப் பார்க்கவில்லை. அவரவர் காலைப் பார்க்கவே அவரவருக்கு நேரம் போதவில்லை. மதினி அப்படியே நின்று எல்லாரையும் பார்த்தாள். அவள் சிரித்தாள். எனக்கு மாலைக்குள் அழுகை வந்துவிட்டது.

மண்டப வாசலில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு மதினி மாஸ்டரிடம் போனாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவரோடு பேசுகிறாள். என்ன சொல்லப்போகிறாள் என்று பேண்டுக்காரர்களும் நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

"ஒமக்குக் காது அவ்வளவுதான்" என்றாள். "நான் இடது கால எழுப்பி வைப்பேன். ஒம்ம சுப்பையா இழுத்துட்டுல்லா அடிக்கான்."

மாஸ்டர் அவள் காலைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்படியா? எங்க, இன்னொருக்க நடந்து காட்டு பாப்போம்" என்றார்.

மண்டப வாசலில் இரண்டு வீட்டுச் சனமும் வழிவிட்டு நின்றது. மதினி சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து காட்டினாள்.